களைத்த மனமும் துப்பறியும் நாவலும்

மர்ம நாவல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவரைக் கண்டால் நம்மவரில் கற்றறிந்தோர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். ‘உருப்படியான நூல் ஒன்றைப் படிக்கலாகாதா?’ என்று கேட்கின்றனர். சீர்திருத்தம் பேசுவோரிடையே இவ்வழக்கம் சற்று மிகுதி என்பதையும் ஒளிக்காது கூறிவிடவேண்டும். நூல் எனில் அறிவு புகட்டவேண்டும். இல்லையேல் சமூகத்தைத் தட்டி எழுப்பவேண்டும். இரண்டும் செய்யாத நூல் காகிதத்துக்கு வந்த கேடு என்பது அவர்கள் கட்சி. இக்கட்சியோடு நமக்குப் பாதி உடன்பாடு உண்டு. மற்றப் பாதியைப்பற்றியே இக்கட்டுரை எழுதலானோம்.

பகலெல்லாம் உழைத்த ஒருவர் இரவில் விளக்கடியில் அமர்ந்து நூலொன்றைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னாளில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கூப்பிட்டதும் பால்மரம் வெட்டப் போனவராக இருக்கலாம். இந்நாளில் தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்துத் திரும்புகிறவராகவோ, கணக்கு வரிசைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்த குமாஸ்தாவாகவோ, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அரைமணி நேரத்தைத் தமக்கென மிச்சம் பிடித்த தாயாகவோ இருக்கலாம். அவரை நோக்கி, ‘இந்த அரைமணியையும் உமது முன்னேற்றத்துக்கே செலவிடும்’ என்று கட்டளையிட நமக்கு என்ன உரிமை? உழைப்பவனின் பகலை முதலாளி எடுத்துக்கொண்டான். இரவைச் சீர்திருத்தக்காரன் எடுத்துக்கொண்டால் அவனுக்கென்று எஞ்சுவது யாது?

உலகை மறக்க விரும்புவது குற்றமன்று. எதன் துணையால் மறக்கிறோம், மறந்து திரும்பும்போது எந்த நிலையில் திரும்புகிறோம் என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்த காலத்தில் அங்கேயும் உலகை மறக்கத்தான் போனார்கள். போனவன் அறிவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். வெளியே வரும்போது கூலியையும் விட்டுவிட்டு வந்தான். நல்ல துப்பறியும் நாவலோ படிப்பவனின் அறிவையும் உடன் அழைத்துக்கொண்டு போகிறது. ‘இந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்ததே, எப்படி?’ என்று கேட்கச் செய்கிறது. அவன் தன் கடனை மறக்கிறான், முதுகுவலியை மறக்கிறான். கேள்வி கேட்பதை மட்டும் மறப்பதில்லை. இத்தகைய ஓய்வு பிற நூல்களில் எளிதில் கிடைப்பதன்று.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய வீட்டுக் கதைகளில் வேலைக்காரன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்துபோவான். அவன் எங்கே உறங்கினான், என்ன நினைத்தான் என்று எவரும் கேட்பதில்லை. மர்ம நாவலில் அப்படி விட்டுவிட இயலாது. வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் அங்குள்ள ஒவ்வொருவரையும் எண்ணவேண்டும். சமையற்காரியையும், தோட்டக்காரனையும், சீமாட்டியையும், அவள் மாமனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ‘நீர் அப்போது எங்கே இருந்தீர்?’ என்று வினவவேண்டும். அந்தஸ்து பாராமல் ஆளை எண்ணுவது இவ்வகைக் கதையின் சட்டம். இச்சட்டத்தை நேர்மையாகக் காப்பவை நல்ல நாவல்கள். ஏழையின்மேலும் அந்நியன்மேலும் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிப்பவை தாழ்ந்தவை. நாம் நூல்களைத் தெரிந்தெடுக்கும் அளவுகோல் இதுவே.

இவ்வளவுகோலில் முதலிடம் பெறுவது ஆங்கிலத்தில் வில்கி காலின்ஸ் எழுதி 1868-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூன்ஸ்டோன்’ என்னும் நாவல். சந்திரகாந்தக் கல் என்று பொருள்படும் பெயர். கதையிலோ அது மஞ்சள் நிறமுள்ள ஒரு பெரிய வைரம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திவந்த வாரப் பத்திரிகையில் அவ்வாண்டு ஜனவரி முதல் ஆகஸ்டு வரை தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் தலையாயது இதுவே என்று கவிஞர் டி. எஸ். எலியட் மதித்தார். அவர் சொல்லாவிட்டாலும் நாம் சொல்லியிருப்போம்.

கதை தொடங்குமிடம் இங்கிலாந்து அன்று; மைசூர்ச் சீமையின் ஸ்ரீரங்கப்பட்டணம். 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஆங்கிலப்படை கோட்டையைப் பிடிக்கிறது. திப்பு சுல்தான் மடிகிறார். இது சரித்திரம். அந்தக் கொள்ளைக் குழப்பத்தில் ஹெர்ன்காஸ்டில் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவன் வைரத்தைக் காத்துநின்றோரைக் கொன்று அதை அபகரிக்கிறான். இது காலின்ஸின் கற்பனை. சந்திரனைத் தெய்வமாகக் கொண்ட கோயிலொன்றின் விக்கிரகத்தில் பதிந்திருந்த கல் அது. ஐம்பதாண்டு சென்றபின், 1848-இல், யார்க்ஷயர் சீமையில் ஒரு மாளிகையில் ரேச்சல் என்னும் இளம்பெண்ணுக்குப் பதினெட்டாம் பிறந்தநாள் பரிசாக அக்கல் வந்துசேருகிறது. மாமன் விட்டுச்சென்ற சொத்து! அன்றிரவே அது மறைந்துபோகிறது. செப்பிடுவித்தைக்காரர் வேடத்தில் மூன்று இந்தியர்கள் மாளிகையைச் சுற்றி வருகின்றனர்.

இவ்விடத்தில் மட்டமான ஆசிரியன் ஒருவன் என்ன செய்திருப்பான் என்பது தெரிந்ததே. கறுத்த மேனியர் மூவரைக் கள்வராக்கிக் கதையை நடத்தியிருப்பான். காலின்ஸ் எழுதிய காலத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியர் என்றால் இரத்தவெறியர் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிப் பழகிவிட்ட காலம். அந்தக் காலத்தில் இருந்துகொண்டு, முதற் களவு நம் படை செய்த களவே என்று நூலின் முதற் பக்கங்களிலேயே எழுதி வைத்தாரே, அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அம்மூவரும் பிராமணர், கடல் கடந்ததால் தம் சாதியையே இழந்தவர்கள், ஒரு விக்கிரகத்தின் கல்லுக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைகின்றவர்கள். பகுத்தறிவாளர் இதைக் கண்டு புன்னகை செய்யலாம். ஆயினும் பறிகொடுத்தவன் யார், பறித்தவன் யார் என்ற கணக்கில் ஆசிரியர் தவறவில்லை. கல் கடைசியில் எங்குச் சேர்ந்தது என்பதை நாம் சொல்லப்போவதில்லை.

இந்நாவலை ஒருவர் மட்டும் சொல்வதில்லை. கண்டவர்கள் பலரும் தாம் கண்டமட்டில் சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதுபோல் ஆளுக்கொரு பகுதி எழுதுகின்றனர். முதற்பகுதியை எழுதுபவர் மாளிகையின் முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ். துரைமார் பேசுவதற்கு முன் வேலைக்காரர் பேசுகிறார். நூலின் மிக நீண்ட பகுதியும் அவருடையதே. இந்தக் கிழவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மனம் கலங்கும்போதெல்லாம் குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டு ‘ராபின்சன் குரூசோ’ கதையைப் பிரிப்பார். ஆறு பிரதிகளைத் தேயத்தேயப் படித்து முடித்தவர். கதை படித்து மனந்தேறுவோரைப் பழிக்கும் பெரியோர்கள் பெட்டரெட்ஜைச் சந்திக்கவேண்டும். துப்புத் துலக்கும் ஆவல் பிறந்துவிட்டால் வயிற்றில் ஒருவகைச் சூடு ஏறுகிறதென்றும், அது ஒருவிதக் காய்ச்சலென்றும் அவர் சொல்லும் இடம் வரும். அந்தக் காய்ச்சல் படிப்பவருக்கும் தொற்றும்.

அவருக்கு நேர் எதிரி மிஸ் கிளாக் என்னும் மாது. இவளைப் படைத்ததற்காகவே காலின்ஸுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். செல்வரின் ஏழை உறவினள். எந்நேரமும் பையில் நல்வழிப் பிரசுரங்களைச் சுமந்து திரிபவள். உறவினளான சீமாட்டி இதயநோயால் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டதும் இவளுக்கு உண்டாவது துக்கமன்று. பிரசுரங்களைப் படிக்க வைக்க நல்ல சமயம் வாய்த்ததென்னும் மகிழ்ச்சி! வேண்டாமென்று மறுத்தால் சோபாத் திண்டுகளின் அடியிலும், பூந்தொட்டிகளிலும், கைபடும் இடமெங்கும் அவற்றை ஒளித்து வைத்துவிட்டுப் போகிறாள். திருப்பி அனுப்பினால் அவற்றின் பகுதிகளைக் கடிதங்களாக எழுதி அனுப்புகிறாள். நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின், நம் இயக்கங்களிலும் சங்கங்களிலும் எத்தனை கிளாக் அம்மையார்கள், கிளாக் ஐயாமார்கள் உலவுகின்றனர் என்ற எண்ணம் வராமற் போகாது. பிறருடைய நன்மையில் இத்தனை அக்கறையுள்ளவர்கள் எதிரே இருக்கும் மனிதனைப் பார்ப்பதேயில்லை.

வேலைக்காரி ரோசன்னாவின் கதையை இங்கு விரித்தால் மர்மம் கெடும். சுருங்கச் சொன்னால், அவள் முன்பு திருடிச் சிறை சென்றவள்; தோள் ஒன்று கோணியவள்; அழகில்லாதவள்; தனக்கு எட்டாத ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள். கல் மறைந்தவுடன் ஊர்ப் போலீஸ் அதிகாரி வேலைக்காரர்களின் அறைக்குத்தான் முதலில் ஓடுகிறார். லண்டனிலிருந்து வரும் கஃப் என்னும் துப்பறிவோர் அவ்வாறு ஓடுகிறவரல்லர். ரோஜாச் செடிகளிலே பெருவிருப்பமுடைய மெலிந்த மனிதர் அவர். கதவில் அழிந்திருக்கும் சாயக்கறை ஒன்றை எல்லாரும் அற்பமென்று தள்ள, அவர் அதையே பிடித்துக்கொள்கிறார். அவரும் எல்லாவற்றையும் சரியாகக் காண்பதில்லை என்பது கதைக்கு அழகு. ரோசன்னாவின் தோழி, கால் ஊனமுற்ற மீனவப் பெண் லூசி, ஏழைகள் பணக்காரர்மேல் எழுந்து நிற்கும் நாள் வரட்டும் என்று சீறும் கட்டம் ஒன்று வருகிறது. பொழுதுபோக்குக்கென எழுதப்பட்ட நாவலிலே, 1868-ஆம் ஆண்டிலே, ஒரு மீனவப் பெண்ணின் வாயில்!

இந்நூலை எழுதும்போது காலின்ஸ் கீல்வாத நோயால் படுக்கையில் கிடந்தார்; அவருடைய தாயாரும் அவ்வேளையில் இறந்துபோனார். வலிக்கு அபினிச் சாற்றை உட்கொண்டு, சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தார். வாரந்தோறும் தொடர்கதையைத் தந்தாகவேண்டும் என்ற கடமை இல்லாதிருந்தால் தாம் பிழைத்திருக்கமாட்டோம் என்ற கருத்தைப் பின்னர் ஒரு முன்னுரையில் தெரிவித்தார். படித்தவர்க்கு ஆறுதலளித்த கதை, எழுதியவரையும் உயிரோடு வைத்திருந்தது.

குறையில்லாத நூலன்று. நடுப்பகுதியில் சில அதிகாரங்கள் இழுக்கும். மர்மம் விடுபடும் வழி வைத்தியசாஸ்திரம் ஒப்புமா என்பதும் ஐயத்துக்கு இடமானது. பொறுமையுள்ளோர் கடந்துவிடலாம்.

அடுத்து ஆர்தர் கானன் டாயில். ஷெர்லக் ஹோம்ஸின் பேரைக் கேளாதார் இல்லை. 1887-இல் முதல் நாவலும், 1891 முதல் ‘ஸ்டிராண்ட்’ பத்திரிகையில் சிறுகதைகளும் வெளிவந்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளவர் 1902-இல் நூலான ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ என்பதை எடுக்கட்டும். சாபம் பெற்ற பரம்பரை, இரவில் ஊளையிடும் பேய்நாய், புதைசேற்று நிலம், பிணத்தின் அருகே பெரிய நாயின் காலடித்தடம். பேய்க்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் இருக்கிறது. அச்சத்தை முழுதும் அனுபவிக்கவிட்டு, அதன் நடுவே நின்று, ‘காலடித்தடம் இருந்தால் கால் இருந்திருக்கவேண்டும்’ என்னும் போக்கில் ஒருவன் யோசிக்கிறான். முச்சந்தியில் கழிப்புக் கழித்துப்போட்டதைக் கண்டு நடுங்கும் நம் இளைஞருக்குப் பத்துச் சொற்பொழிவுகள் செய்யாததை இந்த ஒரு நாவல் செய்யக்கூடும். அதுவும் அவர்கள் அறியாமலே.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டாயில் தம் பிற்காலத்தில் ஆவிகளோடு பேசலாம் என்று தீவிரமாக நம்பி, அதற்காக நாடு நாடாகச் சென்று பிரசங்கம் செய்தார். இரு சிறுமிகள் காட்டிய புகைப்படங்களைப் பார்த்து வனதேவதைகள் உண்டென்று 1922-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் தம் ஹோம்ஸை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. 1924-இல் வந்த இரத்தக்காட்டேரிக் கதையிலும் ஹோம்ஸ் பேய்களுக்கு இடங்கொடுக்க மறுக்கிறான். படைத்தவன் வழுக்கி விழுந்தான். படைப்பு நிமிர்ந்து நின்றது.

ஹோம்ஸ் எங்கும் நிமிர்ந்து நின்றான் என்று சொல்லவும் நமக்கு இயலாது. 1890-இல் வெளிவந்த ‘நால்வர் குறி’ என்னும் நாவலில் அந்தமான் தீவான் ஒருவன் வருகிறான். அவனை ஆசிரியர் மனிதனாகவே காட்டவில்லை. நச்சு அம்பு ஊதும் குட்டி மிருகமாகக் காட்டுகிறார். அந்தமானியர் நரமாமிசம் தின்னும் கொடியர் என்று ஒரு நாட்டுவிவரப் புத்தகத்திலிருந்து ஹோம்ஸ் படித்துக் காட்டுகிறான். ஒருவன் செருப்பிலுள்ள சேற்றைக்கூடச் சான்றின்றி ஏற்காத ஹோம்ஸ், ஒரு முழு இனத்தின்மேல் சுமத்திய அவதூறைக் கேள்வி கேளாமல் விழுங்கிவிடுகிறானே! அந்தமானியர் நரமாமிசம் தின்றவரல்லர். பொழுதுபோக்குக்காகப் படிக்கும்போது இதையெல்லாம் கவனிக்கவேண்டுமா என்று கேட்பர். கவனித்தே தீரவேண்டும். உலகை மறக்கப் போன இடத்தில், நம்மைப்போன்ற நிறத்தவனைக் கூண்டில் அடைத்து வேடிக்கை காட்டினால் அங்கே நமக்கு ஓய்வேது?

மற்றொரு கதையில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பாம்பு ஒன்று பால் குடிக்கிறது. சீட்டியடித்தால் திரும்பி வருகிறது. கயிற்றில் ஏறி இறங்குகிறது. பாம்பு பால் குடித்து வளரும் பிராணியன்று. புற்றுக்குப் பால் வார்க்கும் நம் பாட்டிமாரும் டாயில் துரையும் இவ்விஷயத்தில் ஒரே கட்சி. கதையின் பெயரைச் சொன்னால் மர்மம் உடைந்துவிடும், விட்டுவிடுகிறோம்.

அந்நியன்மேல் பழிபோடும் வழக்கம் டாயிலோடு நிற்கவில்லை. சாக்ஸ் ரோமர் என்பவர் 1913 முதல் ஃபூ மாஞ்சு என்னும் சீன வில்லனை வைத்து நாவல் நாவலாக எழுதிப் பணம் குவித்தார். சீனரோடு ஒரே தெருவில் கடை வைத்து, ஒரே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழும் இந்நாட்டுத் தமிழர் இவற்றை விலைகொடுத்து வாங்குவது வீண். ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். கதையில் சீனன் வரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது இனவெறுப்பாகத் தோன்றும்; மூலைக்கு மூலை மர்மச் சீனனை நிறுத்திக் கதையை ஒப்பேற்றிய மலிவான எழுத்தை அவர் கிண்டல் செய்ததே அது. தெய்வச்செயல், பேய்ச்செயல் எதையும் விடையாகக் காட்டலாகாது என்பதும், துப்பறிபவன் கண்ட தடயங்களை வாசகனுக்கு மறைக்கலாகாது என்பதும் அவர் விதிகள். பாதிரியார் ஒருவரே கதையிலிருந்து அற்புதங்களை நாடுகடத்தினார் என்பதை நம் நண்பர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

அகதா கிறிஸ்டி அம்மையார் 66 துப்பறியும் நாவல்கள் எழுதினார். முதல் உலகப்போரில் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்து நஞ்சுகளின் இயல்பை அறிந்தவர். முதல் நாவல் 1920-இல் வெளிவந்தது. அத்தனையும் படிக்கவேண்டியதில்லை. 1926-இல் வந்த ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ ஒன்று போதும். பெல்ஜிய நாட்டவரான பொய்ரோ வேலையை விட்டு விலகி, ஒரு கிராமத்தில் பூசணி பயிரிட்டுக் கொண்டிருக்கும்போது பக்கத்தில் கொலை நிகழ்கிறது. ஊர்வம்பு அனைத்தும் வீட்டைவிட்டு நகராமலே அறிந்துவிடும் கரோலைன் என்னும் முதிர்கன்னியை நம் ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். அக்கிராமத்தார் கூடி மாஜோங் ஆடிக்கொண்டே கொலையைப்பற்றி வம்பளக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அந்த ஆட்டத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்த நம் பட்டணவாசிகளுக்கு அது தனிச்சுவை. முடிவைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லோம்.

இந்த நாவலின் பெயரைச் சுட்டியே எட்மண்ட் வில்சன் என்னும் அமெரிக்க விமர்சகர் 1945-இல் துப்பறியும் நாவல்களைக் கடுமையாகத் தாக்கினார். யார் கொன்றால் எனக்கென்ன என்பது அவர் தோரணை. கிறிஸ்டியின் நடை வெறும் நடை என்று அவர் சொன்னால் மறுக்கமாட்டோம். பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள் என்றாலும் பெரும்பாலும் ஒப்புவோம். ஆனால் சதுரங்கக் காய்களுக்கு மனம் இல்லையே என்று குறைகூறுவார் உண்டோ? மூன்றாண்டுக்குப்பின் கவிஞர் ஆடன் இதே பொருள்பற்றி எழுதியபோது, தமக்கு இந்நாவல்கள் புகையிலையும் மதுவும்போல ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டே ஆராய்ந்தார். வில்சனைவிட ஆடன் நமக்கு நெருங்கியவர்.

செஸ்டர்டனின் பிரௌன் பாதிரியார் கதைகளில் முதல் தொகுதி 1911-இல் வந்தது. அதில் ‘கண்ணுக்குத் தோன்றாதவன்’ என்று ஒரு சிறுகதை. ஒரு வீட்டு வாசலைப் பலர் காவல் காக்கின்றனர். ஒருவரும் உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்கின்றனர். உள்ளேயோ கொலை நடந்திருக்கிறது. விடையைச் சொல்லமாட்டோம். ஒருவனைக் கண்ணால் பார்த்தும் ‘ஆள்’ என்று கணக்கில் சேர்க்காத கண்கள் எத்தகையவை என்பதைத் தோட்டத்திலும் ஆபீசிலும் வேலைசெய்த நம்மவர்கள் அறிவார்கள். லண்டன் வாசகனுக்கு முன் விடையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு வாய்ப்பு மிகுதி.

தமிழில் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-ஆம் ஆண்டிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனை வைத்துக் குற்றக்கதைகள் எழுதினார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் தமிழ்நாட்டைக் கதைப்பைத்தியம் பிடித்து ஆடவைத்தனர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூராரின் திகம்பர சாமியாரும் வீட்டுக்கு வீடு அறிந்த பெயர்கள். வடுவூராரின் ‘மேனகா’ 1935-இலும் ‘திகம்பர சாமியார்’ 1950-இலும் திரைப்படங்களாயின. மேல்நாட்டுச் சரக்கைத் தழுவி எழுதியவை இவற்றுள் பல. எதிர்பாராச் சந்திப்புகள் அளவுக்கு மேல். மாறுவேடம் போட்டால் பெற்ற தாயும் அறியமாட்டாள். விறுவிறுப்பான கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் நீதி போதிக்கத் தொடங்குவார். பக்கங்களைத் தள்ளிப் படிக்கத் தெரிந்தவருக்கு இவை நல்ல விருந்து. எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் அறிந்திருந்த பல ஆயிரம் பேரைச் சரளமாகப் படிக்கவைத்த புண்ணியம் இக்கதைகளுக்கு உண்டு; பாடநூற் கமிட்டிகள் அதில் பங்குகோர இடமில்லை. ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. இம்மரபில் ஒன்றை மட்டும் பார்க்க விரும்புவோர் அதையே பார்க்கலாம்.

பின்வந்தோரில் சுஜாதாவைச் சொல்லாமல் விடமுடியாது. 1968-இல் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் கணேஷ் என்னும் வழக்கறிஞன் தோன்றினான். பிறகு வசந்த் என்னும் குறும்புக்காரத் துணைவன் சேர்ந்தான். இருவரும் வரும் ‘கொலையுதிர் காலம்’ நமது அளவுகோலுக்கு நல்ல சோதனை. கொலைகள் ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வழக்காடுகின்றனர். நாக்ஸ் பாதிரியார் இதன் முடிவை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது ஐயமே. நமக்கும் சிறு மனக்குறை உண்டு. ஆயினும் இரவு பத்து மணிக்குத் தொடங்கியவர் இரண்டு மணிக்கு முன் விளக்கணைக்கமாட்டார். மறுநாள் விடியலில் வேலைக்குப் போகவேண்டியவர் சனிக்கிழமை இரவில் தொடங்குவது நலம்.

புதிதாகப் படிக்க முற்படுவோர் தமிழ்க் கதையொன்றில் தொடங்கி, ஹோம்ஸின் வேட்டைநாயைப் பார்த்துவிட்டு, ‘மூன்ஸ்டோன்’ நாவலுக்குப் போகலாம். ஆங்கிலம் தடுமாறுவோர் படித்த பிள்ளை ஒருவனை அருகில் அமர்த்திப் பெட்டரெட்ஜ் கிழவரின் பகுதியை உரக்கப் படித்துச் சொல்லச் செய்யட்டும். ஆவலில் அந்தப் பிள்ளையே மறுநாள் மாலை நூலோடு வந்து நிற்பான். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் வழக்கமுள்ளோரிடம் நூலைக் கொடுக்காதீர்கள். நூல்நிலையப் பிரதிகளை எடுக்கும்போது முதல் இரண்டு தாள்களைப் பிறர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்திரங்களின் பெயர்ப்பட்டியலில் கொலையாளியின் பெயருக்கு நேரே பென்சிலால் ‘இவன்தான்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போகும் பேர்வழிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் ஒரு ஹோம்ஸும் பிறக்கவில்லை.